நானூற்று முப்பத்தொரு பேர் குடும்பம்

மாதங்கி காவேரி வித்யாலயாவில் நூலகராகச் சேர்ந்து ஆறு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. அத்தனை நாளும் அவள் தற்காலிகம்தான். அவளுக்குப் பிறகு வந்த தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குக்கூடச் சுவரில் நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும்: 'தங்கள் பணி மேலும் பதினொரு மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது.' ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டு அவள் எழுதிய பதில் கடிதங்கள் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருந்தன.

இந்த நவம்பர் தொடக்கத்தில் பள்ளிக் குழுவின் செயலாளர் வெங்கடராமன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு எழுபத்தொரு வயது. மத்திய அரசாங்கத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்து, அண்டர் செக்ரெட்டரியாக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கோப்பு மட்டும் எப்படியோ மேஜைக்கு வராமலே போய்விட்டது என்று அவரே சொல்வார். தில்லி மயூர் விஹாரில், பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சொசைட்டி ஃபிளாட் ஒன்றில், அக்கா சாவித்திரியோடு இருந்தார்.

"மாதங்கி, லைப்ரரிக்கு சாஃப்ட்வேர் வாங்கியாச்சு. நொய்டா கம்பெனி. முப்பதாம் தேதி கமிட்டி மீட்டிங். அதுக்குள்ள இந்த சாஃப்ட்வேர் வழியா முந்நூறு புஸ்தகம் பசங்க கைக்குப் போயிருக்கணும். அந்த ரிப்போர்ட் இருந்தா உங்க பர்மனென்ட் ஃபைலை நானே மூவ் பண்றேன்."

"இல்லேன்னா சார்?"

"இல்லேன்னா அந்த ரூம் ரோபாடிக்ஸுக்குப் போயிடும். நீங்க ஆபீஸ்ல அட்மிஷன் ஃபாரம் குடுத்துண்டு இருக்கலாம். எனக்கு நாளைக்குக் கண்ல ஆபரேஷன், புரை. மூணு வாரம் ஃபோனையே பார்க்கக் கூடாதாம். அதனால சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைக் கேக்காதேங்கோ. ஆனா மெம்பர் லிஸ்ட்ல என் பேரும் இருக்கணும். நாமே சேரலைன்னா யார் சேருவா?"

மாதங்கி அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டாள். மாணவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு, ஆசிரியர்களும் ஊழியர்களும் பதினெட்டு, செயலாளர் ஒன்று. ஆக நானூற்று முப்பத்தொன்று. பெயர், வகுப்பு, பிறந்த தேதி, பின்கோடு எல்லாம் ஒழுங்காகப் போயின. அதற்கடுத்த கட்டத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் நின்றுகொண்டு நகர மறுத்தது. குடும்பப் பெயர்.

தில்லியில் குடியேறிய தமிழர்களுக்கு இது பழகிப்போன கஷ்டம். கேஸ் கனெக்‌ஷன் வாங்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் "ஸர்நேம்?" என்பார்கள். கிடையாது என்றால், காலில் செருப்பில்லாமல் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பள்ளிப் பதிவேட்டில் ஆர். அர்விந்த், வி. ஸ்நேகா, எஸ். கௌஷிக் என்றுதான் இருந்தது. மாதங்கி 'ஆர்' என்று அடித்தாள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது திரை. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி அப்பா பெயரைக் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் இந்தப் பள்ளிப் பெற்றோர்கள் சுற்றுலா அனுமதிச் சீட்டையே சுற்றுலா முடிந்து மூன்றாம் நாள்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள்.

நொய்டாவுக்குப் போன் போட்டாள். உதவி மையத்து ராகேஷ் எடுத்தான்.

"அரே மேடம்ஜி, குச் பீ டால் தோ!" எதையாவது போடுங்கள், ஓடிவிடும் என்றான்.

மாதங்கி எதையாவது போடுகிற ஆள் இல்லை. லீவ் கடிதத்திலேயே பொருள், பார்வை என்று தலைப்பிட்டு எழுதுகிறவள். போடுகிற பெயர் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், யாருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது. யோசித்துப் பார்த்ததில் இந்த மூன்றுக்கும் பொருந்தியது ஒன்றுதான், எல்லோரும் குடியிருக்கிற பேட்டையின் பெயர். அதைப் போட்டாள். அர்விந்த் மயூர் விஹார். ஸ்நேகா மயூர் விஹார். வெங்கடராமன் மயூர் விஹார். நாலு நாளில் நானூற்று முப்பத்தொரு பேரும் உள்ளே போய்விட்டார்கள். சிவப்பு நட்சத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நிம்மதியாகத் தலைக்குக் குளித்தாள்.

திங்கட்கிழமை முதல் பீரியட், ஏழாம் வகுப்பு. அர்விந்த் ஒரு புத்தகத்தை நீட்டினான், இயந்திரம் 'டிங்' என்றது. அடுத்து கௌஷிக், ஷ்வேதா, அந்தோணி. மூன்று டிங். ஐந்தாவதாக ஸ்நேகா நீட்டினாள். இயந்திரம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. திரையில் தமிழிலேயே வந்தது: 'மன்னிக்கவும். உங்கள் குடும்பத்துக்கு ஒரு நேரத்தில் நான்கு புத்தகங்கள் மட்டுமே. உங்கள் சகோதர சகோதரிகள் திருப்பித் தரும்வரை காத்திருக்கவும்.'

"மேம், எனக்கு பிரதர் சிஸ்டர் யாரும் இல்ல. நான் ஒரே பொண்ணு," என்றாள் ஸ்நேகா. "டாமி மட்டும்தான். அது படிக்காது."

'உங்கள் குடும்பத்தைப் பார்க்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. மாதங்கி அழுத்தினாள். பெயர்கள் கீழே இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன.

"அரே வாஹ்! கௌஷிக் என் பையாவா? அண்ணனா?" என்றாள் ஸ்நேகா.

"ஹாம், நான் உன்னைவிட ரெண்டு மாசம் பெரியவன். ராக்கிக்கு எனக்குக் கட்டணும். டிஃபன்ல பாதி குடு, ஜல்தி."

"சீ, போடா! மேம், இவனை ஃபேமிலில இருந்து எடுங்க!"

"பி.டி. சாரும் நம்ம ஃபேமிலிடா," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். வகுப்பே ஒரு நிமிஷம் பயத்தில் அடங்கியது.

மாதங்கி மறுபடி ராகேஷைப் பிடித்தாள். அவன் பெருமையாகச் சொன்னான். குடும்பப் பெயரும் பின்கோடும் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே குடும்பம், அதுதான் தங்கள் மென்பொருளின் விசேஷமே. இவ்வளவு பெரிய குடும்பத்தைத் தானும் பார்த்ததில்லை. அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாமா என்றால், அழித்த பெயரை மறுபடி ஏற்ற ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பெயரை மாற்றலாமா என்றால், குடும்பத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

"தலைவர் யாரு?"

"ஜோ சப்ஸே படே ஹைம்." வயதில் மூத்தவர்.

மூத்தவர் கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கேட்காதே என்று சொல்லிவிட்டும் படுத்திருக்கிறார். நிரந்தரமாக்குங்கள் என்று கேட்கிறவள், உங்களுக்கு நானூற்று முப்பது உறவினர்களைச் சேர்த்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்? மாதங்கி ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு நேரத்தில் நாலு புத்தகம்தானே? ஒரு பீரியடுக்கு நாலு பேர் எடுக்கட்டும், மணி அடிப்பதற்குள் திருப்பிக் கொடுக்கட்டும். எட்டு பீரியடுக்கு முப்பத்திரண்டு. பத்து நாளில் முந்நூறு தாண்டிவிடும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

செவ்வாய் முப்பத்திரண்டு. புதன் முப்பத்திரண்டு. திங்களன்று போன நாலையும் சேர்த்து அறுபத்தெட்டு. புத்தகம் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு படித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றே ஒன்றை ராகேஷ் சொல்லாமல் விட்டிருந்தான், அவளும் கேட்காமல் விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நூலகக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பெரிய கைப்பை முதலில் வந்தது. பின்னால் சாவித்திரி மாமி. அவள் பின்னால், கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு செயலாளர்.

"ஏம்மா, இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாரையும் தெரிஞ்சவ நீதானே? இதைப் படி. சத்தமாப் படி." மாமி தம்பியின் போனை நீட்டினாள்.

மாதங்கி படித்தாள். 'அன்புள்ள வெங்கடராமன், உங்கள் மகள் ஸ்நேகா இன்று ஒரு புத்தகம் எடுத்திருக்கிறார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்!'

போனைத் திருப்பி நீட்டினாள்.

"இது ஒண்ணு. இப்படி அறுபத்தெட்டு! மொத நாள் நாலுதான். சரி, ஏதோ சின்ன வயசுத் தப்புன்னு நானும் வாயை மூடிண்டு இருந்தேன். மறுநாள் முப்பத்திரண்டு! அதுக்கு மறுநாள் முப்பத்திரண்டு! நாலு மணிக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்கறது. ஆபீஸ் டைம்ல மட்டும்தான் பொறக்கறதுகளா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளேன்..."

"நீ பேசாதே! டூர், டூர்னு போனியே. போபால், லக்னோ, கௌஹாத்தி. நானும் பைத்தியக்காரி மாதிரி புளியோதரை கட்டிக் குடுத்தேன்."

"ஆடிட்டுக்குப் போனேன் அக்கா!"

"ஆடிட்டா? அந்தோணின்னு ஒரு பிள்ளை இருக்கு. அது எந்த ஊர் ஆடிட்?"

புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து ஸ்நேகா எட்டிப் பார்த்தாள். "நான்தான் ஸ்நேகா," என்றாள் உதவியாக.

மாமி அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நிதானமாகப் பார்த்தாள். "மூக்கு அப்படியே நம்மாத்து மூக்கு," என்றாள், குரல் உடைந்து.

"அக்கா!" என்று அலறினார் செயலாளர்.

நொய்டாவின் மேல் பழியைப் போட மாதங்கிக்கு அந்த நிமிஷத்தில் வழி இருந்தது. ராகேஷும் தூரத்தில்தான் இருந்தான். ஆனால் 'மயூர் விஹார்' என்று நானூற்று முப்பத்தொரு தடவை அடித்தவை அவளுடைய விரல்கள்தானே. "தப்பு என்னோடது சார்," என்று தொடங்கி, சிவப்பு நட்சத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

செயலாளர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். தன் கோப்பு அங்கேயே மூடப்படுவது மாதங்கிக்குத் தெரிந்தது.

"அப்படீன்னா இதெல்லாம் உன் பிள்ளைகள் இல்லையா?" என்றாள் மாமி. குரலில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

"இல்லை அக்கா."

"ஒண்ணுகூடவா?"

"மாதங்கி," என்றார் செயலாளர் கடைசியில். "முதல்ல ரெக்டிஃபை பண்ணுங்கோ. உங்க ஃபைலைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ராகேஷை ஸ்பீக்கரில் போட்டார்கள். குடும்பத்தை விட்டு ஒருவரை விலக்க நாலே நாலு காரணங்கள்தான் உண்டு என்றான் அவன்: கல்யாணம், விவாகரத்து, மரணம், தத்து. ஒவ்வொரு முறையும் தலைவர் போனுக்கு ஓ.டி.பி. வரும், மூன்று நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும்.

"ஏழாம் கிளாஸுக்குக் கல்யாணம் பண்ணினா போலீஸ் வந்துடும்," என்றார் செயலாளர். "தத்துதான் கௌரவமா இருக்கு. எல்லாப் பசங்களையும் அவா அவா அப்பாவுக்கே தத்துக் குடுத்துடலாம்."

மாமி ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. முகத்தைக்கூடப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிற வழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை. ஒவ்வொன்றும் நேரில் வர வேண்டும், வாங்கிக்கொள்ளப் போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். வெறுங்கையோடும் அனுப்ப முடியாது. அன்று சாயங்காலமே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நாலு கிலோ தட்டை வாங்கிவந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரேயர் முடிந்ததும் தொடங்கியது. மாதங்கி கணினியில், நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு செயலாளர், பக்கத்தில் போனும் தட்டை டப்பாவுமாக மாமி. வாசலிலிருந்து படிக்கட்டு வரை வரிசை.

"அப்பா பேர் என்னடா?"

"ராஜகோபால்."

"முழுப் பேர். என்ன பண்றார்?"

"குர்காவ்ன்ல ஐ.டி."

"ஆத்துல இருப்பாரா?"

"சண்டே இருப்பார். லேகின், லேப்டாப்போட."

மாமி உதட்டைப் பிதுக்கினாள். "யோசிச்சுக் குடுக்கணும் வெங்கட்டு."

"அக்கா, ஓ.டி.பி. போயிடும்!"

"எட்டு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு. போய்ட்டு வாடா கண்ணா. சண்டே மட்டும் இருக்கற அப்பான்னா நன்னா வேலை வாங்கு."

"அப்ரூவ்ட்," என்றார் செயலாளர். மாதங்கி பெயரை அடித்தாள்: அர்விந்த் ராஜகோபால். அவன் ஒரு தட்டையோடு விடுதலையானான். தனிக் குடும்பமாகிவிட்டபடியால் ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டான். 'டிங்' என்றது இயந்திரம்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பாவின் பெயரைச் சொல்ல, இரண்டு வாரமாகக் காலியாகக் கிடந்த விவரம் தானாக வந்து சேர்ந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று மாதங்கிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை உடனே ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த பெயரை அடித்தாள்.

கௌஷிக் செயலாளரைத் தாத்தாவாக்கிக்கொண்டு போக மறுத்தான். "தாதாஜி, நான் இங்கயே இருக்கேன். என் அப்பா ஃபோனைப் பிடுங்கி வெச்சுப்பார். உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே."

மாமிக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டாள். செயலாளர் அரை மணி நேரம் வாதாடி அவனைக் கொடுக்க வைத்தார். அதற்குள் நாலு ஓ.டி.பி. செத்துப்போயின. பி.டி. மாஸ்டரின் முறை வந்தபோது அவர் தன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு விறைப்பாக நின்றார். மாமி அவருக்கும் தட்டை கொடுத்தாள், அவரும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது தட்டைக்காக வேறு பெயர் சொல்லித் திரும்ப வந்த மூன்று பேரை மாதங்கி பிடித்தாள்.

மூன்று நாள், நானூற்று இருபத்தொன்பது தத்து. அதன் பிறகு புத்தகங்கள் அலமாரியில் தங்கவேயில்லை. இந்தக் கலாட்டாவில் நூலகம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி நூலகத்திலேயே கூடியது. செயலாளரின் கண்ணாடி இன்னும் கறுப்புதான், அதனால் துணைக்கு மாமியும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். அறிக்கையை வாசித்தார்கள். எண்ணிக்கை அறுநூற்றுப் பன்னிரண்டு. நாலைந்து பேர் கை தட்டினார்கள். மாதங்கி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் துணைத் தலைவர் கலியமூர்த்தி. விழுப்புரத்துக்காரர், எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர். "அறிக்கைல குடும்ப வாரியா ஒரு பட்டியல் இருக்குங்க. 'மயூர் விஹார் குடும்பம், உறுப்பினர் ரெண்டு. வெங்கடராமன், மாதங்கி.' செயலாளரோட குடும்பத்தாருக்கு நிரந்தர வேலை குடுக்கக் கூடாதுன்னு நம்ம விதியிலேயே இருக்கு. இதென்னாங்க அநியாயம்?"

எல்லோருக்கும் பரிமாறியவள் தனக்கு இலை போட மறந்திருந்தாள். நானூற்று இருபத்தொன்பது பேரை வெளியே அனுப்பிவிட்டு, மாதங்கி உள்ளேயே நின்றுவிட்டாள்.

"ஐயா, அது கம்ப்யூட்டர்ல மட்டும்தான்..."

"கம்ப்யூட்டர் சொல்ற அறுநூறு சரின்னா, கம்ப்யூட்டர் சொல்ற குடும்பமும் சரிதானேம்மா?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "இப்பவே விலக்கிடலாம். மாதங்கி, உங்க அப்பா பேரைப் போடுங்கோ."

"இரு, இரு," என்றாள் மாமி ஓரத்திலிருந்து. "கல்யாணமான பொண்ணைத் திரும்ப அப்பாகிட்டயா அனுப்புவா? ஏண்டி பொண்ணே, ஆத்துக்காரர் பேர் என்ன?"

"ப்ரசன்னா மாமி."

"அப்போ காரணம் கல்யாணம்னு போடு. நானூறு தத்து குடுத்தாச்சு, ஒரு கல்யாணமாவது பண்ண வேண்டாமா இந்தக் குடும்பத்துல? மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"ரயில்வேல இருக்கார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு மாமி. நம்பர் வந்தாச் சொல்லுங்கோ."

மாமி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "நீயும் போயிட்டா இவன் தனியா நிப்பான். நானூத்துச் சொச்சம் பேர் இருந்த வீடு. என் பேரையும் சேரு. அப்புறம்தான் நம்பர்."

கமிட்டி காத்திருந்தது. மாதங்கி அடித்தாள்: சாவித்திரி மயூர் விஹார், வயது எழுபத்தாறு, மாமி சொன்ன அவளுடைய போன் எண். பிறகு தன் பெயருக்குப் போய், காரணம் திருமணம், பெயர் மாதங்கி ப்ரசன்னா என்று போட்டு அனுப்பினாள். செயலாளரின் போன் சும்மா இருந்தது. மாமியின் கைப்பைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, மாமிதான் இப்ப மூத்தவங்க!" என்றாள் மாதங்கி. "உங்க ஃபோனுக்குத்தான் வந்திருக்கு. மூணு நிமிஷம்தான் மாமி!"

மாமி பையைத் திறந்தாள். கண் சொட்டு மருந்து வந்தது. வீட்டுச் சாவி, இன்னொரு வீட்டுச் சாவி, சரோஜினி நகரில் வாங்கின ஒரு ஜோடிக் குழந்தைக் காலுறை. யாருக்கு என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. கலியமூர்த்தி தன் கைக்கடிகாரத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சுங்க." மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது, அதில் கண்ணாடி இல்லை. கண்ணாடி மாமியின் தலைமேல் இருந்தது. கடைசியில் ஒரு துணிப்பைக்குள் இருந்த கைக்குட்டைக்குள்ளிருந்து போன் வந்தது.

"ஏழு," என்றாள் மாமி, எழுந்து நின்று. "நாலு. நாலு. ஒன்பது. தீர்க்க சுமங்கலியா இரு."

திரையில் மத்தாப்பு வெடித்தது. 'திருமணம் பதிவானது. மணமக்களுக்கு வாழ்த்துகள்!'

கலியமூர்த்தி புது அறிக்கையை அச்சடிக்கச் சொல்லிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். "இப்ப ஆட்சேபணை இல்லீங்க. தீர்மானம் நிறைவேறிச்சு."

பணி ஆணையைச் செயலாளரே முன்கூட்டி டைப் அடிக்கச் சொல்லி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பையிலிருந்து எடுத்து, முகத்துக்கு அருகில் பிடித்து, கோடு எங்கே என்று தடவிக் கையெழுத்துப் போட்டார். நீட்டிய கையை மாமி பாதியில் மறித்தாள்.

"என்னடா அது?"

"ஆபீஸ் ஆர்டர், அக்கா."

"எனக்குத் தெரியாம இந்தக் குடும்பத்துல ஒரு காகிதம் வெளியே போகப்படாது. காட்டு."

தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். கமிட்டி முழுக்க நின்றுகொண்டே இருந்தது. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள், இல்லை.

மாமி ஆணையை இரண்டாக மடித்து அவள் கையில் வைத்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. எடுத்துண்டு போ. திருப்பித் தர வேண்டாம்."